ஒரு பிடி மண்ணுக்குள்ள ஒரு புது நொதி: யாரும் வளர்க்காத நுண்ணுயிர்கள்ல எப்படித் தேடுறாங்க?

[திரையில்: மேலிருந்து ஒரு பெட்ரி தட்டு. முழுக்க வெண்மையான மங்கல். சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பாக்டீரியா. அதில் ஒரே ஒரு புள்ளியைச் சுற்றித் தெளிவான வளையம்.]

இந்தத் தட்டுல இருக்கிற புள்ளிகள் எல்லாம் ஒரே இனம், ஆய்வகங்கள்ல வழக்கமா வளர்க்கிற ஈ.கோலைங்கிற பாக்டீரியா. ஆனா ஒண்ணை மட்டும் சுத்தி ஒரு வளையம் தெரியுது பாருங்க. தட்டுல கலந்து வச்ச கொழுப்பை அந்த ஒண்ணு கரைச்சிருக்கு. மத்ததால முடியல. காரணம், அந்தச் செல்லுக்குள்ள வேற ஏதோ ஒரு உயிரோட ஜீன் இருக்கு. எந்த உயிர்னு கேட்டா பதில் இல்ல. அதை யாரும் வளர்த்ததில்ல, பேர் வச்சதில்ல. மக்கிட்டிருந்த இலைக் குவியல்ல இருந்து எடுத்த டி.என்.ஏ. மட்டும்தான் கையில.

இப்படி ஒரு தட்டுல கிடைச்ச நொதியோட மேம்படுத்தின வடிவம்தான் இன்னைக்கு பிளாஸ்டிக் பாட்டிலை அதோட மூலப்பொருளாத் திருப்பி உடைக்குது. அது எப்படி நடந்துச்சுன்னு விரிவாப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை.

நொதின்னா செல் தயாரிக்கிற புரதம். ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகப்படுத்துறதுதான் அதோட வேலை. துணி துவைக்கிற தூள்ல கறையை எடுக்கிறது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குறது, மருந்துத் தயாரிப்புல ஒரு மூலக்கூறோட ஒரு பக்கத்தை மட்டும் மாத்துறது, ஆய்வகத்துல டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டுறது, எல்லாத்துலயும் நொதி இருக்கு. ஆனா நமக்கு வேணுங்கிற வேலையைச் செஞ்சா மட்டும் பத்தாது, நம்ம தொழிற்சாலைத் தொட்டிக்குள்ள இருக்கிற சூட்டையும் அமிலத்தையும் அது தாங்கணும். அப்படி ஒண்ணை ஒண்ணுமில்லாததுல இருந்து வடிவமைக்கிறது இன்னைக்கும் லேசான காரியம் இல்ல. அதனால முதல்ல தேடிப் போற இடம் நுண்ணுயிர்கள். முந்நூறு கோடி வருஷத்துக்கும் மேலா கிடைச்சதையெல்லாம் தின்னு பழகின கூட்டம் அது.

சரி, மண்ணை எடுத்து, அதுல இருக்கிற பாக்டீரியாவை வளர்த்து, நொதியைப் பிரிச்சு எடுத்துட வேண்டியதுதானே? ரொம்ப நாளா அதைத்தான் செஞ்சாங்க. நல்லாவும் பலன் கொடுத்துச்சு. 1966-ல அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் பூங்காவுல, தாமஸ் பிராக்கும் அவரோட மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் ஒரு வெந்நீர் ஊற்றுல இருந்து மாதிரி எடுத்தாங்க. அதுல இருந்து ஆய்வகத்துல 70 டிகிரி சூட்டுல ஒரு பாக்டீரியா வளர்ந்துச்சு: தெர்மஸ் அக்வாட்டிகஸ். 1976-ல அதோட டி.என்.ஏ. நகலெடுக்கிற நொதியைப் பிரிச்சாங்க. 1983-ல கேரி முல்லிஸுக்குத் தோணின, டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்குற பி.சி.ஆர். முறையில, ஒவ்வொரு சுற்றுலயும் 95 டிகிரி பக்கம் சூடாக்க வேண்டியிருக்கும். சாதாரண நொதி முதல் சுற்றுலயே வீணாயிடும். வெந்நீர் ஊற்று நொதி தாங்குச்சு. கொரோனா டெஸ்ட் வரைக்கும் வந்து சேர்ந்த கதை இது.

ஆனா இந்தக் கதையில ஒரு அதிர்ஷ்டம் ஒளிஞ்சிருக்கு. அந்தப் பாக்டீரியா தட்டுல வளர ஒத்துக்கிச்சு.

[திரையில்: இடப்பக்கம் மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்கள். வலப்பக்கம் அதே மாதிரியிலிருந்து தட்டில் வளர்ந்த நாலைந்து புள்ளிகள்.]

ஒரு கிராம் மண்ணுல கோடிக்கணக்கான செல்கள், ஆயிரக்கணக்கான இனங்கள். அதைத் தண்ணியில கலக்கி மைக்ராஸ்கோப்ல எண்ணினா ஒரு எண் வரும். அதே தண்ணியை அகார் தட்டுல பூசி, வளர்ந்த புள்ளிகளை எண்ணினா, பெரும்பாலும் அதுல நூத்துல ஒரு பங்கு கூட வராது. இந்த இடைவெளிக்கு 1985-ல ஸ்டேலியும் கொனோப்காவும் 'தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்'னு பேர் வச்சாங்க. சில உயிர்களுக்கு நாம கொடுக்கிற சாப்பாடு அளவுக்கு மீறின விருந்து, அதுவே விஷமாயிடும். சிலது பக்கத்துல இருக்கிற இன்னொரு இனம் விடுற வைட்டமின் இல்லாம பிழைக்காது. சிலது மாசக்கணக்குல ஒரு தடவைதான் ரெண்டாப் பிரியும், அதுக்குள்ள தட்டே காய்ஞ்சிடும். ஒரு விஷயம்: இந்த ஒரு சதவீதக் கணக்கை எல்லா இடத்துக்கும் பொருத்திப் பேசுறாங்க, அது சரியில்ல. மனுஷக் குடல்ல இருக்கிறதுல நிறைய இனங்களை இப்போ வளர்க்க முடியுது. மண்ணும் கடலும்தான் இன்னமும் பிடி கொடுக்கல.

வளர்க்க முடியலைன்னா வளர்க்காமலே ஜீனை எடுத்துக்கலாமேன்னு 1980-களோட நடுவுல நார்மன் பேஸும் அவரோட குழுவும் யோசிச்சாங்க. மொத்த மாதிரியில இருந்தும் டி.என்.ஏ.வை நேராப் பிரிச்சு எடுக்கிறது. யாரோடதுன்னு பார்க்கிறதில்ல. 1998-ல ஜோ ஹேண்டல்ஸ்மேனும் கூட்டாளிகளும் மண்ணு பத்தி எழுதின கட்டுரையில இதுக்கு 'மெட்டாஜெனோம்'ங்கிற பேர் வந்துச்சு. ஓரிடத்துல வாழுற எல்லா நுண்ணுயிர்களோட ஜீன்களும் சேர்ந்த மொத்தத் தொகுப்பு.

கேட்கிறதுக்குச் சுலபமா இருக்கு. மேசையில உட்கார்ந்து செய்யும்போதுதான் தெரியும்.

[திரையில்: சோதனைக் குழாயில் பழுப்பு நிறத் திரவம்.]

மண்ணுல இருந்து டி.என்.ஏ. எடுத்தா முதல்ல கிடைக்கிறது இந்த மாதிரி பழுப்பு நிறத்துல ஒரு திரவம். டி.என்.ஏ.வுக்கு நிறமே கிடையாது. பழுப்பு வர்றது ஹியூமிக் அமிலத்தால, அதாவது மக்கின செடிகொடியோட மிச்சம். அது டி.என்.ஏ. போலவே தண்ணியில கரையும், அதைப் போலவே மின்சுமை காட்டும், அதனால கூடவே ஒட்டிக்கிட்டு வரும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அடுத்து போடுற நொதிகள் வேலை செய்யாது. மின்சாரம் பாய்ச்சி ஜெல்லுல ஓட்டி, அந்தப் பழுப்பு முன்னாடி ஓடிப் போனதுக்கு அப்புறம், பின்னாடி வர்ற டி.என்.ஏ.வை மட்டும் வெட்டி எடுக்கிறது ஒரு வழி.

இன்னொரு இழுபறியும் இருக்கு. தடிச்ச செல்சுவர் இருக்கிற பாக்டீரியாவை உடைக்கணும்னா பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைப் போட்டு வேகமாக் குலுக்கணும். ஓங்கிக் குலுக்கினா டி.என்.ஏ. துண்டு துண்டாயிடும். மெதுவாச் செஞ்சா தடிச்சுவர்க்காரங்க எல்லாம் உடையாமலே தப்பிச்சிடுவாங்க, அவங்க ஜீன் நமக்கு வரவே வராது. அதனால ஒவ்வொரு தொகுப்பும் எடுத்த விதத்தைப் பொறுத்து ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

நமக்கு நீளமான துண்டு வேணும். சுமார் 40,000 எழுத்து (டி.என்.ஏ.வோட அடிப்படை அலகுகளைத்தான் எழுத்துன்னு சொல்றேன்) நீளமுள்ள துண்டுகளை ஃபாஸ்மிட்ங்கிற வட்ட டி.என்.ஏ.வுல செருகி, வைரஸ் ஓட்டுக்குள்ள அடைச்சு, ஈ.கோலைக்குள்ள அனுப்புறாங்க. ஒரு செல்லுக்கு ஒரு துண்டு. அப்படி ஒரு துண்டைச் சுமக்கிற செல்லும் அதோட வாரிசுகளும் சேர்ந்தது ஒரு க்ளோன். இந்தத் தொகுப்புக்கு லைப்ரரின்னு பேர். கணக்குப் போட்டுப் பாருங்க: 10,000 க்ளோன் செஞ்சா 40 கோடி எழுத்து. ஒரு பாக்டீரியாவோட ஜீனோம், அதாவது மொத்த டி.என்.ஏ., சராசரியா 40 லட்சம் எழுத்துன்னு வச்சுக்கிட்டா, நூறு பாக்டீரியாவுக்குச் சமம். மண்ணுல இருக்கிறதோ ஆயிரக்கணக்கான இனம். பெரிய லைப்ரரின்னு நினைக்கிறது கூட மேலோட்டமான ஒரு சுரண்டல்தான்.

இனி தேடல். ஒவ்வொரு க்ளோனையும் டிரைபியூட்டிரின்ங்கிற கொழுப்பு கலந்த தட்டுல வளர்க்கலாம். அந்தக் கொழுப்பு நுண்ணிய துளிகளா மிதக்கிறதால தட்டு மங்கலா இருக்கும். ஏதாவது ஒரு க்ளோன், கொழுப்போட பகுதிகளைக் கோத்து வச்சிருக்கிற எஸ்டர் பிணைப்பை வெட்டுற நொதியைச் செஞ்சு வெளியே விட்டா, கொழுப்பு கிளிசராலாவும் பியூட்டிரிக் அமிலமாவும் பிரியும். ரெண்டும் தண்ணியில கரையுறதால அந்த இடம் மட்டும் தெளிஞ்சிடும். கெட்டுப்போன வெண்ணெயோட வாடைக்குக் காரணமும் அதே பியூட்டிரிக் அமிலம்தான். செடியோட நார்ப்பொருளான செல்லுலோஸை வெட்டுற நொதி வேணும்னா வேற தட்டு: செல்லுலோஸ் கலந்து, காங்கோ ரெட் சாயம் ஊத்திக் கழுவினா, வெட்டுப்பட்ட இடம் வெளுத்துத் தெரியும். எல்லாமே மலிவான, பழைய சோதனைகள்.

இப்போ அந்த இலைக் குவியலுக்கு வரலாம்.

ஜப்பான்ல ஒசாகா பல்கலைக்கழகக் குழு, மக்கிட்டிருந்த இலையும் கிளையும் சேர்ந்த எருவுல இருந்து ஃபாஸ்மிட் லைப்ரரி செஞ்சாங்க. இதே டிரைபியூட்டிரின் தட்டுல தேடினாங்க. கிடைச்ச ஒரு ஜீன் கியூட்டினேஸ் வகை நொதிகளோட ஒத்துப்போச்சு. 2012-ல வெளியிட்டாங்க. அதுக்கு அவங்க வச்ச பேர் எல்.சி. கியூட்டினேஸ், இன்னைக்கு எல்லாரும் எல்.சி.சி.ன்னு சொல்றாங்க. ஏற்கெனவே தெரிஞ்ச நெருங்கின நொதியோட ஒப்பிட்டா அமினோ அமில வரிசையில 60 சதவீதம்தான் ஒத்துமை.

கியூட்டின்னா இலை மேல இருக்கிற மெழுகுப் பூச்சோட எலும்புக்கூடு. கியூட்டினேஸ் வெட்டுறது அதைத்தான். வேதியியல்ல அது ஒரு பாலியெஸ்டர், அதாவது எஸ்டர் பிணைப்புகளால கோத்த நீளமான சங்கிலி. பாட்டில் செய்யற பெட் பிளாஸ்டிக்கும் ஒரு பாலியெஸ்டர்தான். இலையோட பாலியெஸ்டரை வெட்டிப் பழகின கத்தி, மனுஷன் செஞ்ச பாலியெஸ்டரையும் வெட்டுது. அந்தக் குழு பெட் துண்டுகள் மேல சோதிச்சுப் பார்த்தப்போ, 50 டிகிரியில வேலை செஞ்சுச்சு.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. எருக்குவியல் தானாவே சூடாகும், உள்ளே 60, 70 டிகிரி வரைக்கும் போகும். அங்க பிழைக்கிற உயிரோட நொதிக்கு அந்தச் சூடு பழக்கம். பெட் பிளாஸ்டிக்குக்கும் ஒரு சூட்டுக் கணக்கு உண்டு: தண்ணிக்குள்ள சுமார் 65, 70 டிகிரியைத் தாண்டினாத்தான் அதோட இழைகள் இளகி அசைய ஆரம்பிக்கும். அதுக்குக் கீழே நொதிக்குப் பிடிக்க இடமே கிடைக்காது. ஆக, இலை நிறைய இருக்கிற, சூடான இடம். அந்த ரெண்டு குணமும் தேவைப்படுற வேலை. இதை வெறும் குருட்டு அதிர்ஷ்டம்னு நான் சொல்ல மாட்டேன். எங்க போய் அள்ளுறோம்ங்கிறதுலயே பாதி வேலை முடிஞ்சிடுது.

இதோட ஒப்பிட வேண்டியது 2016-ல பெரிய செய்தியான இடியோனெல்லா சகாயென்சிஸ். ஜப்பான்லயே சகாய் நகரத்துல, பெட் மறுசுழற்சி ஆலை ஒண்ணுக்குப் பக்கத்துல எடுத்த மாதிரிகள்ல கிடைச்ச பாக்டீரியா. பிளாஸ்டிக்கைத் தின்னே வளருது. 30 டிகிரியில மெல்லிய பெட் படலத்தை ஆறு வாரத்துல கிட்டத்தட்ட முழுசா உடைச்சுச்சு. உயிரியலா பார்த்தா இதுதான் அதிசயம். உலகமே இதைத்தான் பேசிச்சு. ஆனா ஆலைக்கு ஆறு வாரம் கட்டுப்படியாகாது. தொழிற்சாலையைப் பொறுத்தவரை, நாலு வருஷம் முன்னாடியே சத்தமில்லாம வந்த எருக்குவியல் நொதிதான் ஜெயிச்சுச்சு.

அப்படியே ஜெயிக்கல, செதுக்க வேண்டியிருந்துச்சு. இயற்கையில கிடைச்ச எல்.சி.சி. வேகமா வெட்டத் தொடங்கினாலும், அந்தச் சூட்டுல போகப் போகத் தளர்ந்து நடுவழியில நின்னுடுச்சு. பிரான்ஸ்ல துலூஸ் நகரத்து ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் அதுல நாலு அமினோ அமிலத்தை மாத்தினாங்க. அதுல ரெண்டு மாத்தம் சேர்ந்து, கால்சியம் உட்கார்ற இடத்துல ஒரு கந்தகப் பாலம் போட்டுச்சு. அதனால கால்சியம் சேர்க்காமலே புரதம் சூட்டைத் தாங்குச்சு. 2020-ல வெளிவந்த முடிவு: 72 டிகிரியில, 10 மணி நேரத்துக்குள்ள, பெட்ல 90 சதவீதம் உடைஞ்சுச்சு. கிடைச்ச டெரிஃப்தாலிக் அமிலங்கிற மூலப்பொருளை வச்சு மறுபடியும் பாட்டில் செஞ்சு காட்டினாங்க.

இதுல பளபளப்பான செய்திகள் விட்டுடுற ஒரு வரி இருக்கு. பாட்டிலை அப்படியே தொட்டியில போட்டா இந்த வேகம் வராது. பாட்டில் பிளாஸ்டிக் படிகமா இறுகியிருக்கும், நொதி அதுல திணறும். முதல்ல உருக்கி, சட்டுனு குளிர்விச்சு, பொடியாக்கணும். அதுக்கு மின்சாரமும் பணமும் செலவாகும்.

[திரையில்: ஈ.கோலை செல், உள்ளே வேறு நிறத்தில் ஒரு டி.என்.ஏ. துண்டு. அதிலிருந்து எந்தப் புரதமும் வரவில்லை.]

தட்டு முறையோட பெரிய ஓட்டை ஈ.கோலைதான். வேற இனத்து ஜீனை உள்ள வச்சாலும், அதோட தொடக்கக் குறியை ஈ.கோலை கண்டுக்காம போகலாம். படிச்சாலும் புரதம் தப்பான வடிவத்துல மடங்கலாம். சரியா மடங்கினாலும் செல்லை விட்டு வெளியே வராம போகலாம். 2004-ல வந்த ஒரு கணிப்புப்படி, அந்நிய ஜீன்கள்ல சுமார் 40 சதவீதம்தான் ஈ.கோலைக்குள்ள தானா வெளிப்பட வாய்ப்பிருக்கு. வளையம் வரலைன்னா அங்க நொதி இல்லைன்னு அர்த்தம் இல்ல.

அதனால இன்னொரு கூட்டம், தட்டே வேண்டாம், எல்லா எழுத்தையும் படிச்சு கம்ப்யூட்டர்ல தேடலாம்னு கிளம்புச்சு. 2004-ல கிரெய்க் வென்ட்டரோட குழு அட்லாண்டிக்ல இருக்கிற சர்காசோ கடலோட தண்ணியை வடிகட்டி, 12 லட்சம் புது ஜீன்களை ஒரே கட்டுரையில வெளியிட்டாங்க. அந்தக் காலத்துல அது மலைக்க வைக்கிற எண். இன்னைக்குப் பொதுத் தளங்கள்ல இருக்கிற மெட்டாஜெனோம் புரத வரிசைகளைக் கோடி கோடியாத்தான் எண்ணணும்.

எனக்குப் பிடிச்சது 2011-ல வந்த மாட்டு இரைப்பை ஆய்வுதான். மாட்டோட முதல் இரைப்பைக்குள்ள நேரா கை விடுற மாதிரி நிரந்தரத் துளை போட்ட மாடுகள் ஆராய்ச்சிப் பண்ணைகள்ல உண்டு. அந்தத் துளை வழியா, ஸ்விட்ச்கிராஸ்ங்கிற புல்லை நைலான் பையில கட்டி உள்ள வச்சாங்க. 72 மணி நேரம் கழிச்சு எடுத்தப்போ, அந்தப் புல்லுல கெட்டியா ஒட்டிக்கிட்டிருந்த நுண்ணுயிர்களை மட்டும் தனியா எடுத்து டி.என்.ஏ. படிச்சாங்க. யோசனையைப் பாருங்க: இரைப்பையில மிதக்கிறவங்க வேண்டாம், நாரைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறவங்கதான் வேணும். 26,800 கோடி எழுத்து. அதுல மாவுப்பொருளையும் நாரையும் வெட்டக்கூடிய ஜீன்களாத் தோணினது 27,755. சோதனைக்காகத் தயாரிச்ச புரதம் எத்தனை? 90. அதுல பாதிக்கு மேல, 57 சதவீதம், நிஜமாவே செல்லுலோஸ் வகைப் பொருளை வெட்டுச்சு.

27,755-க்கு 90. படிக்கிறது மலிவாயிடுச்சு, சோதிக்கிறது மலிவாகல. இந்தத் துறையோட இன்றைய நிலைமை இந்த ரெண்டு எண்ணுக்குள்ள இருக்கு.

எழுத்து ஒத்துமையை வச்சுத் தேடுறதுல இன்னொரு சிக்கல், தெரிஞ்சவங்களோட சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் அது வழி காட்டும். முன்பின் தெரியாத குடும்பத்துக்கு விலாசம் கிடையாது. இதைத் தாண்டினவங்களும் இருக்காங்க. 2016-ல கலிஃபோர்னியாவுல ஜில் பான்ஃபீல்டு குழு, யாரும் வளர்க்காத பாக்டீரியாக்களோட ஜீனோம்கள்ல காஸ்எக்ஸ், காஸ்ஒய்-ங்கிற புது டி.என்.ஏ. வெட்டும் நொதிகளைக் கண்டுபிடிச்சாங்க. கிரிஸ்ப்பர்ங்கிறது வைரஸைத் தடுக்க பாக்டீரியா வச்சிருக்கிற ஏற்பாடு, அதோட டி.என்.ஏ. வரிசை ஒரு தனி அடையாளத்தோட திரும்பத் திரும்ப வரும். அதைப் பிடிச்சு, பக்கத்துல என்ன ஜீன் இருக்குன்னு பார்த்தாங்க. பாக்டீரியா சேர்ந்து வேலை செய்யற ஜீன்களைப் பெரும்பாலும் அடுத்தடுத்து வச்சிருக்கும், அந்தப் பழக்கம் இங்க கைகொடுத்துச்சு.

இப்போ செயற்கை நுண்ணறிவு. 2022-ல மெட்டா நிறுவனம் மெட்டாஜெனோம் புரதங்களோட 61 கோடிக்கும் மேலான வடிவக் கணிப்புகளை வெளியிட்டுச்சு. எழுத்துல ஒத்துமை தெரியாத தூரத்து உறவை வடிவத்தை வச்சுப் பிடிக்க இது நிஜமாவே உதவுது. ஆனா வடிவம் தெரிஞ்சா வேலை தெரிஞ்ச மாதிரின்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஒரே மடிப்பு இருக்கிற ரெண்டு புரதம் வேற வேற பொருளை வெட்டும். எந்தச் சூட்டுல எத்தனை மணி நேரம் நிக்கும்னு கணிக்கிறது அதைவிடக் கஷ்டம்.

அதனாலதான் சோதனையை வேகமாக்குற பக்கம் எனக்கு நம்பிக்கை அதிகம். 2015-ல கேம்பிரிட்ஜ்ல ஒரு குழு, தட்டுக்குப் பதிலா எண்ணெய்ல மிதக்கிற நுண் தண்ணித்துளிகளைப் பயன்படுத்தினாங்க. ஒரு துளிக்குள்ள ஒரு செல், கூடவே வெட்டுப்பட்டா ஒளிரும் ஒரு பொருள். செல் உடைஞ்சு, நொதி வெளியே வந்து, வேலை செஞ்சா அந்தத் துளி மின்னும். மெஷின் மின்னுற துளியை மட்டும் ஒதுக்கும். 12.5 லட்சம் க்ளோன்களைச் சலிச்சதுல கிடைச்சது 14 நொதிகள். சல்ஃபேட் எஸ்டரை வெட்டுற சிலதும், பூச்சிக்கொல்லிகள்ல வர்ற பாஸ்ஃபேட் பிணைப்பை வெட்டுற சிலதும். எழுத்தை மட்டும் பார்த்து இந்த வேலையைச் செய்யும்னு ஊகிக்க முடியாதவங்களும் அதுல இருந்தாங்க.

இருந்தாலும் எதைச் சோதிக்கிறோமோ அதுதான் கிடைக்கும். ஒளிரும் பொருளை வெட்டுறதுல கெட்டிக்கார நொதி, நமக்கு வேணுங்கிற பொருளைத் தொடாமலும் போகலாம். இதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஒரு பழைய உதாரணம் இருக்கு. சோள மாவுச்சத்தைக் கரைக்கிற ஆலைகள்ல, 105 டிகிரி சூட்டுல, மாவுச்சத்தை வெட்டுற அமைலேஸ் நொதி வேலை செய்யணும். மாவுக் கரைசல் வர்றது 4.5 பி.எச். பக்கம், அதாவது அமிலத்தன்மையோட. அப்போ இருந்த நொதி அந்த அமிலத்தைத் தாங்காது, அதனால முதல்ல அமிலத்தைக் குறைச்சு, கால்சியம் சேர்த்து, அப்புறம் அதையெல்லாம் திரும்ப நீக்கணும். 2002-ல டைவெர்சா நிறுவனம், சுற்றுச்சூழல் டி.என்.ஏ.வுல கிடைச்ச அமைலேஸ்களை ஆரம்பத்துலயே அதே 4.5 பி.எச்., அதே சூடு, கால்சியம் சேர்க்காம, இந்த நிபந்தனைகள்ல சலிச்சாங்க. மூணு நல்ல நொதிகள் தேறிச்சு, ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை. மூணோட ஜீனையும் கலந்து மாத்தி, குறையில்லாத ஒண்ணைச் செஞ்சாங்க.

[திரையில்: உலக வரைபடம். ஒரு மண் மாதிரிக் குப்பி அழிந்து, அந்த இடத்தில் எழுத்து வரிசை.]

கடைசியா, இந்த ஜீன் யாருக்குச் சொந்தம்? பி.சி.ஆர். உரிமையை 1991-ல ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்குச்சு, யெல்லோஸ்டோனுக்கு அதுல பங்கு இல்ல. அந்தக் கசப்புதான் 1997-ல அந்தப் பூங்கா டைவெர்சாவோட பலன் பகிர்வு ஒப்பந்தம் போட ஒரு காரணம். நாடுகளுக்கு இடையில இதை ஒழுங்குபடுத்த 2010-ல நகோயா நெறிமுறை வந்துச்சு, 2014-ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒரு நாட்டு மண்ணையோ தண்ணியையோ எடுத்துட்டுப் போகணும்னா, நெறிமுறைப்படி அனுமதி கேட்கணும், பலன்ல பங்கு பேசணும்.

ஆனா இப்போ மண்ணை யாரும் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல. எழுத்து வரிசை பொதுத் தளத்துல இருக்கு. டவுன்லோட் பண்ணி, ஜீனைச் செயற்கையா எழுதி வாங்கி, தன்னோட ஆய்வகத்துலயே நொதியைச் செஞ்சுக்கலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024-ல கொலம்பியாவோட காலி நகரத்துல நடந்த பல்லுயிர் மாநாட்டுல ஒரு நிதியை உருவாக்கினாங்க. 2025 பிப்ரவரியில அது தொடங்குச்சு. இந்த எழுத்து வரிசைகளால லாபம் பார்க்கிற பெரிய நிறுவனங்கள் லாபத்துல 1 சதவீதமோ, வருமானத்துல 0.1 சதவீதமோ கொடுக்கணும்னு அதுல சொல்லியிருக்கு. கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டாத்தான்.